“எல்லோரும் வந்து எட்டு நாள் கழித்து நான் வந்தேன்”: இன்டக்‌ஷனைத் தவறவிட்ட மாணவிக்கு ஒரு பதில்

இந்தக் கடிதம், மேற்கு மாவட்டம் ஒன்றில் உள்ள தனியார் பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. (மின்னணுவியல், தகவல் தொடர்பியல்) முதலாண்டு சேர்ந்திருக்கும் ஒரு மாணவியிடமிருந்து வந்தது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருடைய அனுமதியோடுதான் வெளியிடுகிறேன்.

அவருடையது வடக்கே ஒரு சிற்றூரில் நெசவுக் குடும்பம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள். பிளஸ் டூவில் கணக்கில் தவறிவிட்டார். துணைத் தேர்வு எழுதித் தேறி, பொறியியல் துணைக் கலந்தாய்வில் இந்த இடத்தைப் பிடித்திருக்கிறார். ஒதுக்கீட்டு ஆணை கையில் வந்து, பணம் புரட்டி, பெட்டியோடு ஹாஸ்டலுக்கு வந்து சேர்ந்தபோது, புது மாணவர்களைக் கல்லூரிக்குப் பழக்கும் இரண்டு வார அறிமுக நிகழ்ச்சியான இன்டக்‌ஷனில் எட்டு நாள் முடிந்திருந்தது.

அதன் பிறகு நடந்ததாக அவர் எழுதியவை இவை. அலுவலகத்தில் ஒருவர், “இன்டக்‌ஷன் அட்டென்டன்ஸ் இல்லைன்னா செமஸ்டர் எழுத முடியாதும்மா” என்று சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுப் பதறிய தாய்மாமா, தெரிந்த டாக்டரிடம் பின்தேதியிட்டு ஒரு மருத்துவச் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அறைத் தோழிகள் இருவரும் முதல் நாளிலிருந்தே சேர்ந்து திரிகிறார்கள். அவர்கள் கேட்டபோது, “டெங்கு வந்துருச்சு, அதான் லேட்” என்று சொல்லிவிட்டார். துணைத் தேர்வு என்று சொல்ல வாய் வரவில்லை. மூன்றாம் ஆண்டு அக்காக்கள் சிலர், “நீ மட்டும்தான் இன்ட்ரோ குடுக்கலை, சனிக்கிழமை ராத்திரி ரூமுக்கு வா” என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இதெல்லாம் சேர்ந்து, ஊருக்கே திரும்பிப் போய்ப் பக்கத்து டவுன் அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணக்கோ இயற்பியலோ படித்துவிடலாமா என்று கேட்கிறார். கடைசி வரியில், “அப்பாகிட்ட இதையெல்லாம் சொல்லலாமா?” என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் சனிக்கிழமை இரவு

கடிதம் வந்த அன்றே இதற்கு மட்டும் தனியாகப் பதில் அனுப்பினேன். போக வேண்டாம், வார்டனிடம் சொல்லுங்கள் என்று எழுதினேன். நீங்கள் சொல்லிவிட்டதாகவும், அந்த வாரம் யாரும் கூப்பிடவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். நிம்மதியாக இருந்தது. ஆனால் அடுத்த சனிக்கிழமையும் வரும், உங்களைப் போலத் தாமதமாகச் சேர்ந்த வேறு பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

மற்றவர்கள் எல்லோரும் இன்டக்‌ஷனிலேயே இன்ட்ரோ கொடுத்துவிட்டார்கள், நான் மட்டும் பாக்கி வைத்திருக்கிறேன் என்று நினைக்கிறீர்கள். அங்கே நடந்தது பகலில், ஆசிரியர்கள் முன்னால், வகுப்புத் தோழர்களுக்குப் பெயரும் ஊரும் சொன்ன அறிமுகம். இரவில் சீனியர் அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு கொடுக்கும் ‘இன்ட்ரோ’ எந்தக் கல்லூரியின் அறிமுக நிகழ்ச்சியிலும் கிடையாது. அந்தக் கடனை நீங்கள் யாருக்கும் தர வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் ராகிங்கைத் தடுக்கத் தனிச் சட்டமே 1997 முதல் இருக்கிறது. 1996இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்ட பிறகு வந்த சட்டம் அது. அடிப்பதும் திட்டுவதும் மட்டும் ராகிங் என்று அது சொல்லவில்லை. ஒரு மாணவருக்குப் பயம், வெட்கம், சங்கடம் வரும்படி நடந்துகொள்வதும், சாதாரணமாக அவர் விரும்பிச் செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்வதும்கூட அதில் வரும். இரண்டு ஆண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். தண்டனை பெற்றவர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவார். 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிமுறைகள் நாடு முழுவதற்கும் பொருந்தும். ஒவ்வொரு கல்லூரியிலும் ராகிங் தடுப்புக் குழு இருக்க வேண்டும், முதலாண்டு மாணவர்களை முடிந்தவரை தனிப் பகுதியில் தங்கவைக்க வேண்டும், மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி கொடுக்க வேண்டும் என்பவை அதில் உள்ளவை.

அந்த உறுதிமொழியை வாங்குவதும், தடுப்புக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், எந்த எண்ணில் அழைப்பது என்று சொல்வதும் பொதுவாக இன்டக்‌ஷனின் முதல் ஓரிரு நாளிலேயே முடிந்துவிடும். நீங்கள் வராத எட்டு நாளில் உண்மையிலேயே பெரிய இழப்பு எது என்று கேட்டால், அந்த ஒரு மணி நேரத்தைத்தான் சொல்வேன். யாரிடம் போவது என்று தெரியாத பிள்ளையைத்தான் கூப்பிடுவார்கள்.

“புகார் கொடுத்தால் நாலு வருஷமும் ஒதுக்கிவிடுவார்களே” என்ற உங்கள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்தவுடன் எழுத்தில் பெயர் போட்டுப் புகார் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. “முதலாண்டுப் பெண்களை ராத்திரியில் மேல்மாடி அறைக்குக் கூப்பிடுகிறார்கள், சனிக்கிழமை கொஞ்சம் கவனியுங்கள் மேடம்” என்று வார்டனிடம் வாய்மொழியாகச் சொல்வது முதல் படி. நீங்கள் எடுத்தது அதைத்தான், பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். அதற்குப் பிறகும் கூப்பிட்டாலோ, மிரட்டினாலோ, யாராவது மேலே கை வைத்தாலோ பேச்சோடு நிறுத்தாதீர்கள். தேதி, நேரம், யார், என்ன சொன்னார்கள் என்று எழுதிவையுங்கள். செல்போனில் வந்த செய்திகளை அழிக்காதீர்கள். முதல்வரிடம் எழுத்தில் கொடுங்கள். கல்லூரியில் யாரிடமும் சொல்ல முடியவில்லை என்றால் 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணை எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம்.

அதே சமயம், சீனியர் என்றாலே ஒதுங்கிப் போகவும் வேண்டாம். மெஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து “எந்த ஊரு, எந்த டிபார்ட்மென்ட்” என்று கேட்பவர், நாளை பழைய வினாத்தாளும் லேப் ரெக்கார்டும் தரப்போகிறவராக இருக்கலாம். உங்களால் “வேண்டாம் அக்கா” என்று சொல்லிவிட்டு எழுந்து வர முடிகிறதா என்று பாருங்கள். முடிகிறது என்றால் அது சாதாரணப் பழக்கம்தான்.

அலுவலகத்தில் சொன்னது சரியா?

பெரும்பாலும் இல்லை. எப்படி என்று சொல்கிறேன்.

பொறியியல் கல்லூரிகளில் இன்டக்‌ஷன் பரவலாக வந்தது ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) 2018இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்துக்குப் பிறகு. பன்னிரண்டாம் வகுப்பு முழுவதும் மதிப்பெண்ணுக்காக ஓடிவந்த பிள்ளைகள் பாடத்துக்குள் குதிக்கும் முன் கொஞ்சம் மூச்சுவிடட்டும், புது இடமும் மனிதர்களும் பழகட்டும் என்பதே நோக்கம். அதனால்தான் உடற்பயிற்சி, கலை, மனித விழுமியங்கள், ஆய்வகம் சுற்றிப்பார்ப்பது, வெளியாட்களின் உரை என்று அதில் பலதும் கலந்திருக்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படியான பாடத்திட்டத்திலும் முதல் பருவத்தில் இன்டக்‌ஷன் இருந்தது. அதற்கு கிரெடிட் (பட்டத்துக்கு எண்ணப்படும் பாட மதிப்பு) பூஜ்யம், எழுத்துத் தேர்வும் இல்லை. கட்டாயம் என்று போட்டிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அரசு நடத்திய கலந்தாய்வின் வழியாகவே பிந்தி வந்த ஒரு மாணவியை, அவர் சேர்வதற்கு முன்பே நடந்த நிகழ்ச்சிக்கு வரவில்லை என்று சொல்லித் தேர்வெழுத விடாமல் நிறுத்துவது நியாயத்தில் நிற்காது.

தேர்வெழுதத் தேவையான வருகைப்பதிவு வேறு விஷயம். அந்த விதிமுறையின்படி ஒரு பருவத்தில் மொத்தம் 75 விழுக்காடு வேண்டும். 65க்கும் 75க்கும் இடையில் இருந்தால், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது, விளையாட்டுப் போட்டிக்குப் போனது போன்ற காரணங்களுக்கு ஆவணத்தோடு விலக்குக் கேட்கலாம். பருவத்துக்கு 75 வேலை நாள் என்று வைத்தால், 57 நாள் வந்திருக்க வேண்டும், 18 நாள் வரை விட்டுப்போகலாம். உங்கள் எட்டு நாளையும் இதில் சேர்த்துக் கணக்கிட்டாலும்கூட இன்னும் பத்து நாள் மிச்சமிருக்கிறது. சேர்ந்த தேதியிலிருந்து எண்ணினால் இந்தக் கவலையே வேண்டாம். உங்கள் கல்லூரி எப்படி எண்ணுகிறது என்று வகுப்பு ஆலோசகரிடம் (உங்கள் வகுப்புக்குப் பொறுப்பான ஆசிரியர்) கேளுங்கள். பாடத்திட்டத்தையும் தேர்வையும் தானே வகுத்துக்கொள்ளும் தன்னாட்சிக் கல்லூரி என்றால் விதிமுறைப் புத்தகம் அவர்களுடையது. அதில் இந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லிப் படியுங்கள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்து ஒருவர் போகிறபோக்கில் சொன்னதை விதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதை எழுத்தில் முடித்துக்கொள்வது நல்லது. துறைத் தலைவருக்கு இப்படி ஒரு சின்னக் கடிதம் போதும்: “துணைக் கலந்தாய்வு ஒதுக்கீட்டு ஆணையின்படி இந்தத் தேதியில் கல்லூரியில் சேர்ந்தேன். அதற்கு முன் நடந்த இன்டக்‌ஷன் அமர்வுகளில் கலந்துகொள்ள இயலவில்லை. அவற்றுக்கு ஈடாக நான் செய்ய வேண்டியது ஏதேனும் இருந்தால் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்.” கூடவே ஆணையின் நகலை இணையுங்கள். கொடுத்ததற்கு அடையாளமாக இன்னொரு பிரதியில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மன்னிப்புக் கேட்கும் வாசகம் எதுவும் வேண்டாம். நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை.

மாமா வாங்கித் தருவதாகச் சொல்லும் சான்றிதழ்

இதைத் தயவுசெய்து வாங்காதீர்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் பிரச்சினைகளில், இன்றைக்கு இல்லாத ஒரு பெரிய சிக்கலைப் புதிதாக உண்டாக்கக்கூடியது இது ஒன்றுதான்.

உங்கள் ஒதுக்கீட்டு ஆணையில் தேதி இருக்கிறது. நீங்கள் எப்போது சேர்ந்தீர்கள் என்பது கல்லூரிப் பதிவேட்டில் இருக்கிறது. இன்டக்‌ஷன் தொடங்கிய அன்று நீங்கள் அந்தக் கல்லூரியின் மாணவியே இல்லை. மாணவி ஆவதற்கு முன்னால் வராமல் போன நாட்களுக்கு எதற்கு மருத்துவச் சான்றிதழ்? உங்கள் உண்மையான காரணமே முழுக் காரணமாக, அரசு ஆவணத்தோடு கையில் இருக்கிறது. அதைவிட்டு ஒரு பொய்த் தாளைக் கொடுத்தால், இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் எவருக்கும் ஐந்து நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும். பொய் என்று தெரிந்தே ஒரு சான்றிதழைப் பயன்படுத்துவது குற்றம். கொடுத்த மருத்துவருக்கும் சிக்கல், உங்கள் மேல் ஒழுங்கு நடவடிக்கையும் வரலாம். அதோடு, மூன்றாம் பருவத்தில் நிஜமாகவே உடம்புக்கு முடியாமல் படுத்து விலக்குக் கேட்கப் போகும்போது, பழைய சான்றிதழ் ஒன்று கோப்பில் இருக்கும்.

மாமா உங்கள் மேல் உள்ள பாசத்தில் சொல்கிறார். அவரிடம் ஆணையின் தேதியைக் காட்டுங்கள். அவருக்கே புரியும்.

தவறவிட்டதை எப்படிச் சேர்த்துக்கொள்வது

எட்டு நாள் முழுக்க வந்தவர்களுக்கு எல்லாம் தெரியும், உங்களுக்கு மட்டும் எதுவும் தெரியாது என்ற நினைப்பு கடிதம் முழுக்க இருக்கிறது. வகுப்பில் யாராவது நாலு பேரிடம், ஸ்காலர்ஷிப் அலுவலர் யார், லைப்ரரியில் எத்தனை புத்தகம் எடுக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவருக்குத்தான் சரியாகத் தெரியும். மற்றவர்கள் அந்த அமர்வில் ஃபோன் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள், அல்லது ஏசி அரங்கில் தூங்கியிருப்பார்கள். வாழ்த்துரைகளையும் வரவேற்புரைகளையும் நீங்கள் கேட்காமல் போனதில் பாதகம் இல்லை. கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு.

உங்களைப் பொறுத்தவரை பணம் சம்பந்தமானவை முதலில் வர வேண்டும். நீங்கள் முதல் பட்டதாரி. அதற்கான கல்விக் கட்டணச் சலுகை உங்கள் ஒதுக்கீட்டு ஆணையில் குறிப்பிடப்பட்டிருக்கிறதா, கல்லூரிக் கணக்குப் பிரிவில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது புதுமைப் பெண் திட்டம். மாதம் ஆயிரம் ரூபாய். 2022இல் தொடங்கியபோது அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மட்டும் இருந்தது. 2024 டிசம்பர் கடைசியில் அதை அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கிவிட்டார்கள். “எய்டட் ஸ்கூல், அதனால் எனக்குக் கிடைக்காது” என்று நீங்கள் எழுதியிருப்பது பழைய நிலவரம். ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ் வழியில் படித்த உங்களுக்கு உரிமை உண்டு. கல்லூரி வழியாகத்தான் பதிய வேண்டும். இதற்கென ஒரு பொறுப்பு அலுவலர் இருப்பார். யூ.எம்.ஐ.எஸ். என்ற, கல்லூரி மாணவர் விவரங்களைப் பதியும் அரசுத் தளத்தில் உங்கள் விவரம் ஏறியிருக்கிறதா, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு சரியாக இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். கூட்டமாக எல்லோருக்கும் பதிந்து முடித்த பிறகு வந்தவர்களின் பெயர் விடுபடுவது சாதாரணமாக நடக்கும். அந்தப் பணம் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு பெரியது என்பது எனக்குத் தெரிகிறது, அதனால்தான் வற்புறுத்துகிறேன்.

அப்புறம் ராகிங் தடுப்பு உறுதிமொழி. இணையத்தில் பதிவது, நீங்களும் பெற்றோரும் சேர்ந்து கொடுப்பது. நீங்கள் இன்னும் கொடுக்கவில்லை என்றால் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். அடையாள அட்டை, லைப்ரரி அட்டை, லேப் பேட்ச், வகுப்பு வாட்ஸ்அப் குழு, வகுப்பு ஆலோசகரின் எண் எல்லாம் வகுப்புப் பிரதிநிதியிடம் ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்தால் கிடைக்கும். வகுப்புக் குழு என்று ஒன்று பருவத் தொடக்கத்திலேயே அமைப்பார்கள், அதில் மாணவர்களும் இருப்பார்கள். துணைக் கலந்தாய்வில் வந்தவர்களுக்கு விடுபட்ட தகவல்களை ஒருமுறை சொல்லச் சொல்லி அதில் பேசச் சொல்லுங்கள். உங்கள் வகுப்பிலேயே உங்களைப் போல இன்னும் சிலர் இருப்பார்கள்.

கல்லூரி நிர்வாகத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். துணைக் கலந்தாய்வில் பிள்ளைகள் ஆண்டுதோறும் வருகிறார்கள், எப்போது வருவார்கள் என்பதும் முன்கூட்டியே தெரியும். அவர்களுக்கென்று அரை நாள் ஒதுக்குங்கள். அதிகம் தேவைப்படுகிறவர்கள் அவர்கள்தான்.

கணக்குக்கு வருவோம். பள்ளிப் பாடத்தையும் கல்லூரிப் பாடத்தையும் இணைக்க நடத்தும் பிரிட்ஜ் கோர்ஸில் கணக்கைத் தவறவிட்டுவிட்டேன், ஏற்கெனவே கணக்கில் பெயிலானவள் வேறு என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பருவத்தில் உங்களுக்கு ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’ தாள் இருந்தால், அதன் வேர் பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தில்தான் இருக்கிறது. முதல் பாடமே அணிகளும் அணிக்கோவைகளும்தானே. வகையீடும் தொகையீடும் அதே புத்தகத்தில் உண்டு. மற்றவர்கள் அந்தப் புத்தகத்தை மார்ச்சிலேயே மூடிவிட்டார்கள். நீங்கள் துணைத் தேர்வுக்காக அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் அதோடுதான் இருந்தீர்கள். உங்கள் வகுப்பில் அந்தக் கணக்குகள் கையில் சூடு ஆறாமல் இருப்பது உங்களுக்குத்தான். ஊரிலிருந்து அந்தத் தமிழ் வழிப் புத்தகத்தை வரவழைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் நடத்தும் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் நீங்கள் படித்த தமிழ்ச் சொல்லை எழுதிவைத்துப் படியுங்கள். முதல் சில வாரங்களுக்கு அது பெரிய பிடிமானம். 2021 விதிமுறையில் எழுத்துத் தாளுக்கு 40 மதிப்பெண் உள்மதிப்பீட்டிலிருந்து வந்தது; உங்களுக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். எனவே முதல் இன்டர்னலுக்கு (உள்மதிப்பீட்டுத் தேர்வுக்கு) முன் சந்தேகங்களை ஆசிரியரிடம் கேட்டுவிடுவது வெறும் பண்புக்காக இல்லை, மதிப்பெண்ணுக்காகவும்தான். அதே பருவத்தில் ‘தமிழர் மரபு’ என்றொரு தாளும் உண்டு. தமிழ் வழியில் வந்த பிள்ளைகள் அதில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

டெங்கு என்று சொல்லிவிட்டது

இதுதான் உங்களை அதிகமாக அரிக்கிறது என்று நினைக்கிறேன். கடிதத்தில் மூன்று இடத்தில் வருகிறது.

பதினெட்டு வயதில், தெரியாத ஊரில், முதல் நாள், இரண்டு புதியவர்கள் முன்னால் நின்று “நான் கணக்கில் பெயிலாகி எழுதினவள்” என்று சொல்ல முடியாமல் போனதற்காக உங்களை யாரும் குற்றவாளியாக்க மாட்டார்கள். பெரிய பாவமாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இந்தப் பொய் உங்களுக்கு வேலை வைக்கிறது. எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள், பிளேட்லெட் எவ்வளவு என்று கேள்வி வரும், நீங்கள் சொன்னதையெல்லாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். பேச்சு அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் எழுந்து போகிறீர்கள். “அவங்க என்னைச் சேர்த்துக்கலை” என்று எழுதியிருக்கிறீர்கள். சில நேரம் நீங்கள்தான் விலகிப் போகிறீர்கள் என்பதும் உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

இரண்டு பேரில் யார் கொஞ்சம் நிதானமானவரோ, அவரிடம் தனியாக இருக்கும்போது ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்: “நான் டெங்குன்னு சொன்னது பொய். கணக்குல சப்ளிமென்டரி எழுதித்தான் வந்தேன், அன்னைக்கு சொல்லக் கூச்சமா இருந்துச்சு.” நீளமாக விளக்க வேண்டாம், அழ வேண்டாம். பெரும்பாலும் “அட, இதுக்கா?” என்றுதான் வரும். கேலி செய்பவராகவே இருந்தாலும், அவர் அப்படிப்பட்டவர் என்பது உங்களுக்கு இப்போதே தெரிந்துவிடும். சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்லாமலும் இருக்கலாம். உங்கள் மதிப்பெண் வரலாறு ஊருக்குத் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. அந்தப் பொய்யை இனி வளர்க்காமல் இருந்தால் போதும். கல்லூரி அலுவலகத்திலும் ஆசிரியரிடமும் மட்டும் எப்போதும் உண்மைக் காரணத்தையே சொல்லுங்கள்.

நட்பைப் பற்றி ஒன்று. இன்டக்‌ஷனில் உருவாகும் கூட்டங்கள் பக்கத்தில் உட்கார்ந்தவர், ஒரே பஸ்ஸில் வந்தவர் என்ற கணக்கில் உருவானவை. லேப் பேட்ச் பிரித்து, ரெக்கார்ட் எழுதத் தொடங்கி, முதல் இன்டர்னல் நெருங்கும்போது பாதி கலைந்து வேறு மாதிரி சேரும். வாரத்துக்குப் பல மணி நேரம் ஒரே மேசையில் நின்று சர்க்யூட் இணைக்கப்போகிறவர் யார் என்று பாருங்கள். அவரோடு சாப்பிடப் போங்கள். எல்லோரும் சிரிக்கும் இன்டக்‌ஷன் கதை புரியாவிட்டால், “எனக்குச் சொல்லுங்க, நான் அன்னைக்கு இல்லை” என்று கேளுங்கள். ஏற்கெனவே கேட்டவர்களைவிட, கேட்காத ஒருவருக்குக் கதை சொல்வது யாருக்கும் பிடிக்கும்.

ஊருக்குத் திரும்பிவிடலாமா?

இது உங்கள் உரிமை. பி.எஸ்ஸி. எந்த வகையிலும் குறைந்த படிப்பு இல்லை. ஆனால் எதற்காகப் போகிறோம் என்பதைப் பிரித்துப் பாருங்கள். மின்னணுவியலே வேண்டாம், கணக்கும் இயற்பியலும்தான் பிடிக்கிறது என்றால் அது போவதற்கு ஒரு காரணம். ஹாஸ்டலும் தனிமையும் பயமும்தான் என்றால், அவை அடுத்த கல்லூரிக்கும் வேறு உருவத்தில் வரும். அங்கேயும் இந்நேரம் வகுப்பு தொடங்கியிருக்கும், அங்கும் நீங்கள் பிந்தி வந்தவராகத்தான் இருப்பீர்கள். இடம் இருக்கிறதா என்று அந்தக் கல்லூரியில் முதலில் விசாரியுங்கள். அது உறுதியாகாமல் இங்கே விலகல் கடிதம் கொடுக்காதீர்கள்.

பொறுத்துப் பார்ப்பதிலும் ஒரு விலை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. விலகினால் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பது சேர்க்கையின் கடைசித் தேதியை வைத்து முடிவாகும். நாள் கடக்கக் கடக்கக் குறைந்து, ஒரு கட்டத்துக்கு மேல் ஒன்றும் கிடைக்காது. எனவே அந்தத் தேதி எது என்று இன்றே தெரிந்துகொள்ளுங்கள், முடிவை அதற்குள் எடுங்கள். எப்போது விலகினாலும் உங்கள் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது. மானியக் குழுவும் ஏ.ஐ.சி.டி.இ.யும் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கின்றன. என் கருத்தைக் கேட்டால், இருங்கள் என்பேன். துணைத் தேர்வெழுதி, காத்திருந்து, ஆணை வாங்கி இவ்வளவு தூரம் வந்தவர் நீங்கள். எட்டு நாள் விட்டுப்போனது திரும்பிப் போகக் காரணம் ஆகாது.

இரவில் தூக்கமே வராமல், சாப்பாடு இறங்காமல், ஒரு வாரத்துக்கு மேல் அப்படியே போனால் தாமதிக்காமல் கல்லூரி மனநல ஆலோசகரைப் பாருங்கள். அல்லது 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அப்பாவிடம் சொல்லலாமா என்று கேட்டீர்கள். சொல்லுங்கள். தறியை விட்டுவிட்டு நாளைக்கே பஸ் ஏறி வந்துவிடுவார் என்பதுதான் உங்கள் பயம் என்றால், பேச்சைத் தொடங்கும்போதே, “வார்டன்கிட்ட சொல்லிட்டேன், இப்ப பிரச்சினை இல்லை” என்று சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லுங்கள். ராகிங் தடுப்பு உறுதிமொழியில் பெற்றோரும் சேர வேண்டும் என்பதால் எப்படியும் அவரிடம் பேசித்தான் ஆக வேண்டும். அந்தச் சாக்கிலேயே பேசுங்கள். வார்டன், வகுப்பு ஆலோசகர் இருவரின் எண்களையும் அவருக்கு அனுப்பிவையுங்கள். அவருடைய எண்ணை அவர்கள் இருவரிடமும் கொடுத்துவையுங்கள்.